ஒரே அடியில் விழுந்த பந்து

அக்கா, இந்த பஸ் கோல்ஃப் கிளப் வாசல்ல நிக்கும்தானே?

நிக்குமா? அப்பாடா, வயித்துல பாலை வார்த்தீங்க. நீங்க தமிழ்னு எப்படித் தெரிஞ்சதுன்னு பாக்குறீங்களா? ஏறும்போதே ஃபோன்ல யார்கிட்டயோ "ரசத்தைக் கொதிக்க விட்டுடாத, நுரை கட்டினதும் இறக்கிடு"ன்னு சொன்னீங்களே, அப்பவே முடிவு பண்ணிட்டேன், உக்காந்தா இந்த அக்கா பக்கத்துலதான்னு. மதி, பெரியம்மாவுக்கு வணக்கம் சொல்லு. சொல்ல மாட்டா. அவளுக்கு அந்த சிவப்பு பட்டன் மேலதான் கண்ணு. இப்ப அமுக்கக் கூடாதுடி, நம்ம ஸ்டாப் வரும்போது நீதான் அமுக்கணும், சரியா?

கோல்ஃப் கிளப்ல எனக்கென்ன வேலைன்னு யோசிக்கிறீங்க. வேலைக்கு இல்லைக்கா, விருந்துக்குப் போறேன். அதுவும் சும்மா சாப்பிட்டுட்டு வர்றதுக்கு இல்லை. மைக்ல பேசப்போறேன். நான்! அதனாலதான் இந்தப் பச்சைப் புடவை. புல்லுக்கு எடுப்பா இருக்கும்ல?

பேச்சு எனக்குப் புதுசு இல்லை. ஒரத்தநாட்டுக்குப் பக்கம் எங்க ஊரு. பன்னெண்டாவது வரைக்கும் உள்ளூர் ஸ்கூல்தான். பேச்சுப் போட்டின்னா பூங்கோதை பேரை எழுதிட்டுத்தான் தலைப்பையே யோசிப்பாங்க. மைக்கே வேணாம், அந்தக் கடைசி வரிசை வரைக்கும் கேக்கும் என் குரல். ஆனா அதெல்லாம் தமிழ்ல. இங்கிலீஷ்தான் கொஞ்சம் மக்கர் பண்ணும். நீங்க டீச்சரா அக்கா? அப்படியா! அதான் முகத்துல ஒரு தெளிவு. நான் நல்ல ஆள் பக்கத்துலதான் உக்காந்திருக்கேன்.

முதல்லேருந்து சொல்றேன், அப்பதான் புரியும். இன்னும் நிறைய ஸ்டாப் இருக்குல்ல?

எங்க வீட்டுக்காரர் ஏசி மாட்டுற ஏர்கான் கம்பெனியில சூப்பர்வைசர். நெடுஞ்செழியன்னு பேரு. முதலாளிக்கு அது வாயில நுழையலை, "நெடு"ன்னு நிறுத்திக்கிட்டார். ஆளைப் பாத்தா சிரிப்பீங்க, என் தோள் உயரம்தான் இருப்பார். முதலாளி பேரு மிஸ்டர் சியா. சீனர், அறுபதைத் தாண்டினவர். சத்தமாப் பேச மாட்டார், கோவம் வந்தா மூக்கு மட்டும் சிவக்கும். அவருக்கு கோல்ஃப்னா உயிரு. போன தீபாவளிக்கு அப்புறம் ஒரு நாள், "நெடு, சனிக்கிழமை என்கூட வா"ன்னு சொல்லி, பழைய மட்டை நாலஞ்சு கொடுத்து விட்டிருக்கார். அன்னைக்குப் பிடிச்ச சனி. எனக்கு, அவருக்கு இல்லை.

நாங்க இருக்கிறது ஒரு ரூம். வீடு இல்லைக்கா, வீட்டுக்குள்ள ஒரு ரூம். ஒரு கட்டில், ஒரு அலமாரி, இவளோட சைக்கிள், நடுவுல ஒரு பாய் விரிக்கிற இடம். அந்தப் பாய் விரிக்கிற இடத்துலதான் இவங்க அப்பா கோல்ஃப் கத்துக்கிட்டார். முதல் நாளே மட்டையை ஓங்கினார், மேல சுத்துற ஃபேன் ஒரு இறக்கையை இழந்துச்சு. அப்புறம் மட்டையை எடுக்கறதில்லை. துணி காயப்போடுற மூங்கில் கம்பு, குடை, எங்கிட்டேருந்து பிடுங்கின கரண்டி, கையில எது கிடைச்சாலும் ரெண்டு கையால பிடிச்சுக்கிட்டு இடுப்பைத் திருப்புவார். பஸ் ஸ்டாப்ல குடையை வச்சுக்கிட்டு ஒருத்தர் ஆட்டிக்கிட்டிருந்தா பைத்தியம்னு நினைச்சிடாதீங்க, அது எங்க வீட்டுக்காரரா இருக்கும்.

குழியில தள்ளுற பயிற்சி வேற. அதுக்கு என் சீர்ல வந்த எவர்சில்வர் டம்ளர். தரையில படுக்க வச்சு, இந்தக் கோடியிலேருந்து பந்தைத் தட்டுவார். பந்து டம்ளரைத் தவிர எல்லா இடத்துக்கும் போகும். கட்டிலுக்கு அடியில, அலமாரிக்குப் பின்னால, என் சமையல் கூடையில. நான் துடைப்பத்தால தள்ளி வெளியில எடுத்து, ஒவ்வொண்ணா டம்ளர்ல போட்டு வைப்பேன். பாவம், நான் குனிஞ்சு எந்திரிக்கிறது அவருக்குப் பொறுக்காது. "விடு கோதை, நீ போடாத, நீ போடாத"ன்னு சொல்லிக்கிட்டே இருப்பார். அதுக்காக விட்டுட முடியுமா? சின்னப் பிள்ளை இருக்கிற ரூம்ல எது எங்க இருக்கணுமோ அது அங்க இருந்தாத்தான் நாம நடக்க முடியும். செருப்பு செருப்புப் பெட்டியில, பொம்மை கூடையில, பந்து டம்ளர்ல. எனக்குக் கையே அப்படிப் பழகிடுச்சு.

அந்த ரூம்ல இன்னொரு கஷ்டம், தாளிக்கக் கூடாது. வீட்டுக்காரம்மா தங்கமானவங்கதான். ஆனா தண்ணி சுட வைக்கலாம், நூடுல்ஸ் போடலாம், அதுக்கு மேல கடுகு ஒண்ணு வெடிச்சாலும் கதவைத் தட்டிடுவாங்க. வந்ததுலேருந்து என் பொண்ணு தாளிக்காத பருப்பைத்தான் சாப்பிடுறா. கடுகுன்னா என்னன்னே அவளுக்குத் தெரியாது, அக்கா. நீங்க ஃபோன்ல ரசம்னு சொன்னதும் எனக்கு ஏன் அப்படி இருந்துச்சுன்னு இப்ப புரியுதா? மிஸ்டர் சியா தெற்கால ஒரு புதுக் கிளை திறக்கிறார். அதுக்கு யாரு மேனேஜர்னு இன்னைக்கு விருந்து முடிஞ்சதும் சொல்லப்போறாராம். இவருக்குக் கிடைச்சா சம்பளம் ஏறும், தனி வீடு எடுக்கலாம், தனி அடுப்பு. முதல் நாளே கடுகு, உளுந்து, காஞ்ச மிளகாய், பெருங்காயம் எல்லாத்தையும் போட்டு, கீழ் வீடு வரைக்கும் தும்ம வைக்கப்போறேன்.

சரி, கோல்ஃபுக்கு வர்றேன்.

முதல்ல பந்து அடிச்சுப் பழகுற இடத்துக்கு மிஸ்டர் சியா எங்களைக் கூட்டிட்டுப் போனார். போய்ப் பாத்தா அதுவும் மாடி! மூணு மாடி கட்டி, ஒவ்வொரு மாடியிலயும் வரிசையா நின்னு ஆளுங்க அடிக்கிறாங்க. கீழ் மாடி மாமா, மேல் மாடி மாமா, அதுக்கு மேல ஒரு மாமான்னு எல்லாரும் ஒரே வயலைப் பாத்து அடிக்கிறாங்க, முன்னால ஒரு பெரிய வலை. எனக்கு ஒரே சிரிப்பு. குடியிருக்கத்தான் இந்த ஊர்ல அடுக்கி வச்சிருக்காங்கன்னா விளையாடவும் அடுக்கித்தான் வச்சிருக்காங்க.

அதுக்கப்புறம் நிஜ மைதானத்தைப் பாத்தேன் பாருங்க. அக்கா, கண்ணுக்கு எட்டின வரைக்கும் புல்லு. மேடு, பள்ளம், குளம், திரும்ப புல்லு. ஒரு மாடு கிடையாது. ஒரு ஆடு கிடையாது. எங்க ரூம்ல பாய் விரிச்சா கதவு திறக்காது, இங்க ஒரு பந்து படுத்து உருள்றதுக்கு இவ்வளவு இடம்! "ஏங்க, இதுல எத்தனை வீடு கட்டலாம்?"னு வாயை விட்டுட்டேன். "கட்டத்தான் போறாங்க"ன்னார் மதியோட அப்பா. குத்தகை முடியுதாம். இந்த வருஷத்தோட மைதானத்தை மூடி, அரசாங்கம் எடுத்து, வரிசையா ஃபிளாட் கட்டுவாங்களாம். எனக்குச் சந்தோஷம் தாங்கலை. நேரா மிஸ்டர் சியாகிட்ட போயி, அந்தக் குளத்தைக் காட்டி, "மீ, ஹவுஸ், ஹியர்!"னேன். அவர் தலையை ஆட்டிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டார். மூக்கு சிவந்திருந்துச்சு. வெயிலா இருக்கும்னு நினைச்சேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் மதியோட அப்பா அந்தக் கதையைச் சொன்னார். மிஸ்டர் சியா அந்த கிளப்புக்குள்ள முதல் முதலா போனது ஏணியோட. ஏர்கான் மெக்கானிக்கா இருந்திருக்கார். பெரிய ஹால்ல ஒரு தேக்குப் பலகை இருக்கு, அதுக்கு நேர் மேல ஏர்கான். அதைக் கழட்டினா தூசி கொட்டும்ல, அப்போ அந்தப் பலகையைத் துடைக்கிறதும் அவர் வேலை. பலகை பூரா தங்க எழுத்துல பேரு. ஒரே அடியில பந்தைக் குழியில போட்டவங்க பேரு மட்டும்தான் அதுல எழுதுவாங்களாம். அப்பவே நினைச்சிருக்கார், ஒரு நாள் நம்ம பேரும் இதுல வரணும்னு. அப்புறம் கம்பெனி வச்சு, மெம்பர் ஆகி, முப்பது வருஷமா அடிக்கிறார். வரலை. அவர் கூட்டாளி ஒருத்தர், டாக்டர் ஃபூ, பல் டாக்டர். அவர் பேரு ரெண்டு தடவை இருக்கு. வாராவாரம் அதைச் சொல்லிச் சொல்லியே மிஸ்டர் சியாவைக் கடிப்பாராம். "சியா, புல்லு போயிடும், பலகை மியூசியத்துக்குப் போயிடும், உன் பேரு எங்க போகும்?"னு. பல் டாக்டர்ங்கறது சரியாத்தான் இருக்கு.

அதைக் கேட்டதும் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சுக்கா. வீடு வேணும்னு நான் காட்டின கையை மடக்கி வச்சுக்கலாம் போல இருந்துச்சு.

போன மாசம் கிளப்ல குடும்ப தினம். மூடப்போறாங்கள்ல, அதனால எல்லாரும் வீட்டு ஆளுங்களைக் கூட்டிட்டு வரலாம்னு விட்டாங்க. மிஸ்டர் சியா, டாக்டர் ஃபூ, மதியோட அப்பா மூணு பேரும் ஆடுறாங்க, நானும் இவளும் அந்தக் குட்டி வண்டியில பின்னால. நல்லாத்தான் போய்க்கிட்டிருந்துச்சு. ஒரு மேட்டுக்கு முன்னால வந்தப்ப இவ, "அம்மா, ஒண்ணுக்கு"ன்னுட்டா. கழிவறை மேட்டுக்கு அந்தப் பக்கம், கொடி நட்ட குழிக்குக் கிட்ட இருக்கு. "நீங்க முன்னாடி போங்க, நீங்க போய்ச் சேர்ந்த பிறகு நாங்க அடிக்கிறோம்"னு இவர் சொன்னார். போனோம், முடிச்சோம், வெளியில வந்தோம். அதுக்குள்ள அந்தப் பக்கத்துலேருந்து அடிச்சிட்டாங்க. மேடு மறைக்கிறதால அவங்களுக்கு இந்தப் பக்கம் தெரியாது.

வந்து பாத்தா, ஒரு மஞ்சள் பந்து குழிக்கு ஒரு ஜாண் தள்ளி அழகா உக்காந்திருக்கு. அதை இவ ஓடிப்போயி எடுத்துக்கிட்டா. இவங்க அப்பாவோட பந்து வழக்கம்போல மேட்டைத் தாண்டவே இல்லை. இன்னொண்ணு வெள்ளை. அது பாவம் ஓரத்துல மணல் பள்ளத்துல பாதி புதைஞ்சு கிடந்துச்சு. மிஸ்டர் சியாவோடது, சிவப்புல பேரோட முதல் எழுத்துப் போட்டிருப்பார், எனக்குத் தெரியும். வயசான மனுஷன், அந்த மணல்ல இறங்கி எப்படி எடுப்பார்? நானே இறங்கி எடுத்தேன். முந்தானையால மணலைத் துடைச்சேன். துடைச்சு குழியில போட்டேன். பக்கத்துல முள்ளுவாரி மாதிரி ஒண்ணு கிடந்துச்சு, என் கால் தடத்தையும் வாரி, மணலைச் சமமாக்கி விட்டேன். எடுத்த இடம் தெரியக் கூடாது, அதானே சுத்தம்? மஞ்சளையும் போட்டுடலாம்னுதான் திரும்பினேன். இவ கையில இல்லை. எங்கேயோ போட்டுட்டான்னு விட்டுட்டேன்.

ஏங்க்கா வாயைப் பொத்துறீங்க? இருமலா? தண்ணி இருக்கு, தரவா?

கேளுங்க. வண்டி வருது, மூணு பேரும் இறங்குறாங்க. டாக்டர் ஃபூ மஞ்சள் பந்தைத் தேடுறார், தேடுறார், புதரெல்லாம் மட்டையால குத்துறார். மிஸ்டர் சியா மணல்ல பாக்குறார், காணோம். முகம் தொங்கிடுச்சு. நான் கொடியைக் காட்டி, "பால் இன்சைடு, பால் இன்சைடு!"ன்னேன். யாரும் நம்பலை. மதியோட அப்பா மட்டும் போயி குழிக்குள்ள எட்டிப் பாத்தார். பாத்தவர் போட்டாரே ஒரு சத்தம்! மாரியம்மன் கோயில் தீமிதியில கூட அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

மிஸ்டர் சியா ஓடலை. மெதுவா நடந்து வந்தார். முட்டி போட்டு உக்காந்து, குழிக்குள்ள கையை விட்டு, பந்தை எடுத்து, அந்தச் சிவப்பு எழுத்தைத் தடவிப் பாத்தார். அப்புறம் அந்தப் புல்லு மேலேயே உள்ளங்கையை வச்சுக்கிட்டு அப்படியே இருந்தார். தோள் குலுங்குது. எனக்கும் அழுகை வந்துடுச்சு. இவ்வளவு சின்ன உதவிக்கு ஒரு மனுஷன் இப்படி நெகிழ்வாரான்னு.

டாக்டர் ஃபூ மட்டும் என்கிட்ட வந்து, "யு சீ? பால் கோ இன், யு சீ?"ன்னு விரலை நீட்டிக் கேட்டார். "யெஸ், ஐ சீ, ஐ சீ"ன்னேன். நான் பாக்காம வேற யாரு பாப்பாங்க?

அன்னைக்கு கிளப்ல இருந்த அத்தனை பேருக்கும் மிஸ்டர் சியா செலவு. ஒரே அடியில போட்டவர்தான் எல்லாருக்கும் வாங்கிக் கொடுக்கணுமாம், அது அவங்க வழக்கம். எனக்கும் இவளுக்கும் இளநீர், கோழி இறக்கை, ஐஸ்கிரீம். "லக்கி லேடி, லக்கி லேடி"ன்னு என்னைக் காட்டிக் காட்டிச் சொல்றார். வீட்டுக்குத் திரும்பும்போது நான், "ஏங்க, நான்தாங்க அதை..."ன்னு ஆரம்பிச்சேன். "தெரியும் கோதை, நீதான், எல்லாம் உன் ராசிதான்"னு சொல்லி இவர் என் கையைப் பிடிச்சுக்கிட்டார். எம்.ஆர்.டி. ரயில்ல, அத்தனை பேர் முன்னாடி! கல்யாணம் ஆன நாள்லேருந்து அப்படிப் பிடிச்சதில்லை. நானும் பேச்சை விட்டுட்டேன்.

என்னக்கா? ஒரே அடின்னா என்னன்னு எனக்குத் தெரியுமான்னா? ஏன் தெரியாது? ஒரே தடவை அடிச்சிருக்கணும். அவர் ஒரே தடவைதான் அடிச்சார். நான் அங்கேயே நின்னேனே, ரெண்டாவது தடவை மட்டையைத் தொடவே இல்லை. இதுல என்ன சந்தேகம்? நாம பல்லாங்குழி ஆடுறப்ப முத்தைக் குழியில கையாலதானே போடுறோம்? குச்சியாலயா தள்ளுறோம்? இவங்க இவ்வளவு பெரிய இடத்தை வச்சுக்கிட்டு வேணும்னே தூரமா நின்னு கஷ்டப்படுறாங்க, அவ்வளவுதான்.

அந்த டாக்டர் ஃபூதான் இன்னும் முணுமுணுக்கிறார். குழியில விழுந்ததைப் பாத்த சாட்சி இன்னைக்கு விருந்துல எல்லார் முன்னாடியும் வாயால சொல்லணும், அப்பதான் பேரை எழுதலாம்னு கிளப்ல பிடிவாதமா நின்னுட்டார். கடைசிப் பேரு இல்லையா, இதுக்கப்புறம் அந்தப் பலகையில யாரும் எழுதப் போறதில்லை. சாட்சி யாரு? நான்தான். மிஸ்டர் சியா எங்க ரூமுக்கே வந்துட்டார்க்கா. உக்கார இடமில்லை, கட்டில்ல உக்காந்தார். ஆரஞ்சுப் பழம் ஒரு பை. ரெண்டு கையையும் சேர்த்துக்கிட்டு, "யு டெல் தெம், வாட் யு சீ. ப்ளீஸ்"னார். முதலாளி! என்கிட்ட!

மதியோட அப்பா காலையிலேயே போயிட்டார், பந்தல் வேலைக்கு. நேத்தே ஒரு வரி சொல்லிக் கொடுத்திருந்தார். "ஐ சா தி பால் கோ இன்." இதைச் சொல்லிட்டு உக்காந்துடு, வேற எதுவும் பேசாதன்னார். ராத்திரி பூரா இவளைத் தூங்க வச்சுக்கிட்டே அதையே சொல்லிப் பாத்தேன். நல்லா வருது. ஆனா அக்கா, எனக்கு மனசு கேக்கலை. இது பாதிதானே? எங்க தமிழய்யா சொல்வார், மேடையில நின்னா மொட்டையா முடிக்கக் கூடாது, நடந்ததை நடந்தபடி முழுசாச் சொன்னாத்தான் கைதட்டுவாங்கன்னு. "பந்து போச்சு"ன்னா, எப்படிப் போச்சு, யாரு போட்டா, எதுவும் தெரிய வேணாமா? அதுவும் டாக்டர் ஃபூவுக்குச் சந்தேகமே இல்லாமப் போகணும். மிஸ்டர் சியாவுக்கும், இந்தப் பொண்ணு நமக்காக மணல்ல இறங்கியிருக்கேன்னு தெரிஞ்சா, மேனேஜர் வேலை யாருக்குன்னு ஒரு நிமிஷம் கூட யோசிக்க மாட்டார்.

இன்னொண்ணு பாருங்க. மதி, அதை எடுடி பைக்குள்ளேருந்து. இதோ, மஞ்சள் பந்து! அன்னைக்கு ராத்திரி இவ கவுனைத் துவைக்கிறப்ப பாக்கெட்டுல டொக்குனு இருந்துச்சு. பாவம் அந்த மனுஷன் எவ்வளவு தேடினார். இன்னைக்கு மேடையிலேயே கொடுத்து, குழிக்கு ஒரு ஜாண்ல கிடந்துச்சு சார்னு சொல்லிட்டா அவருக்கும் நிம்மதி.

என்னது? சொல்லவே கூடாதா? பந்தையும் காட்டக் கூடாதா? போங்கக்கா, நீங்களும் எங்க வீட்டுக்காரர் மாதிரியே. நானே என் பெருமையைச் சொல்லிக்கிறேன்னு தப்பா நினைப்பாங்கன்னுதானே பயப்படுறீங்க? நினைக்க மாட்டாங்க. நான் அடக்கமாத்தான் சொல்வேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டு.

அட, அதோ கொடி தெரியுது! மதி, அமுக்கு, அமுக்கு, இப்ப அமுக்கு! அமுக்கிட்டா. நீங்க ஏங்க்கா எந்திரிக்கிறீங்க? உங்க ஸ்டாப் இன்னும் தள்ளின்னீங்களே? எங்ககூட வாசல் வரைக்கும் வர்றீங்களா? பாருங்களேன், யாரு பெத்த பிள்ளையோ, எனக்காக இறங்குறீங்க. வாங்க வாங்க, பாத்து, படியில கால் வைங்க.

அப்படியே நடந்துக்கிட்டே எனக்கு ஒரே ஒரு உதவி பண்ணுங்க. டீச்சர்ல? "மணல்ல கிடந்த பந்தை நான்தான் என் கையால எடுத்து, துடைச்சு, குழியில போட்டேன்." இதை இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றது? மெதுவாச் சொல்லிக் கொடுங்கக்கா, நான் திருப்பிச் சொல்லிப் பாக்குறேன்.